யாருடைய துப்பாக்கி பழம்பொருள்?

1

ஒவ்வொரு வருசமும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசாங்கம் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஓரி சிலைக்கு மாலை போடுகிறார்கள். மலர்க் கண்காட்சி உண்டு. வில்வித்தைப் போட்டி உண்டு. மேடை ஏறுகிற தமிழறிஞர் தவறாமல் புறநானூற்றுக்குப் போவார். வன்பரணர் பாடியதைச் சொல்லுவார். ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய் நின்ற கதை. கூட்டம் கைதட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். 1972ஆம் வருச வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பார்த்தால் அந்த ஒரு அம்புக்கு ஓரி மேல் ஐந்து கேசு. ஐந்தில் எதற்கும் மன்னிப்பு கிடையாது. வில்லுக்குப் பதில் கையில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்திருந்தால் ஆயுதச் சட்டம் தனி. மறுநாள் மாலைப் பேப்பரில், இரண்டு போலீசுக்காரர் நடுவில் தலை குனிந்து நிற்கிற ஓரியின் படம் வந்திருக்கும். தலைப்பு: கள்ளத்துப்பாக்கி வைத்திருந்தவர் கைது.

சிலையாகிவிட்ட வேட்டைக்காரனுக்கு விழா, உயிரோடிருக்கிற வேட்டைக்காரனுக்குச் சிறை. இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இது கணக்காகத்தான் நடக்கிறது. ஆயுதம் யார் கையில் இருந்தால் வீரம், யார் சுவரில் தொங்கினால் பாரம்பரியம், யார் பரணில் கிடந்தால் குற்றம் என்பதை இந்த நாட்டில் சாதியும் சொத்தும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சட்டப் புத்தகம் அதற்குப் பிறகுதான் திறக்கப்படுகிறது.

நான் மலைக்குக் கீழே ஒரு சேரியில் பிறந்தவன். எம்.ஏ. தமிழ் படித்தவன். பத்து வருசமாகச் சாதிச் சான்றிதழ், பட்டா, கேசு என்று இந்த மலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். எந்தத் துப்பாக்கியும் எனக்குச் சொந்தமில்லை, வேண்டவும் வேண்டாம். ஆனாலும் துப்பாக்கியைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது.

2

முதலில் இந்தக் 'கள்ளத்துப்பாக்கி' என்பது என்ன என்று பார்ப்போம். கீழ்நாட்டு ஆட்கள் சினிமா பார்த்துவிட்டு வேறு எதையோ கற்பனை பண்ணிக்கொள்கிறார்கள்.

போலீசுக் குறிப்பில் இதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பேர். ஒற்றைக்குழல், வாய்வழி மருந்திடுகிற துப்பாக்கி. ஒரு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, ஒரு விசை, ஒரு சுத்தி. குழாயின் வாய்வழியாகக் கருமருந்தைப் போட வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி, இவ்வளவுதான் அந்த மருந்து. அதன்மேல் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டு. மறுபடி நார், மறுபடி இடி. பின்பக்கம் ஒரு கேப்பு பொருத்த வேண்டும். இத்தனையும் செய்து ஒரு தடவை சுட்டால் அடுத்த வெடிக்கு இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. ஐரோப்பியப் பட்டாளங்கள் இந்த வகைத் துப்பாக்கியைக் கைவிட்டு நூற்றைம்பது வருசம் ஆகிறது. இன்று எந்த ரவுடியும் இதைத் தூக்கிக்கொண்டு ஆளைக் கொல்லப் போக மாட்டான். அவனுக்கு அரிவாள் இதைவிட வேகம்.

மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிறது. ஒரு இரவில் ஒரு வருச உழைப்பு தலைகீழாகிவிடும். பலாவும் அன்னாசியும் பழுக்கிற காலத்தில் மனுசன் தூங்க முடியாது. சாமை, தினை விதைத்தவன் பரண் கட்டி உட்கார வேண்டும். பரணில் உட்கார்ந்தவன் கையில் ஒரு தகரடப்பா, ஒரு டார்ச்சு லைட்டு. சில வீடுகளில் அந்தக் குழல். பல நாள் அதில் குண்டே போடுவதில்லை. வெறும் மருந்துதான். சத்தத்துக்கு.

அப்படி ஒரு குழலை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அவர் கேசு இன்னும் நடக்கிறது.

"எங்கப்பன் கைல இருந்தது தம்பி. அதுக்கு முன்னால அவுங்கப்பன் கைல. எத்தன வருசம்னு கேட்டாங்க. எனக்கே வயசு எழுதி வைக்கல. அதுக்கு யாரு எழுதி வெச்சா? ராத்திரில வந்தாங்க. பரண்ல ஏறித் தேடுனாங்க. வெதச் சாமைய மூட்டையோட கொட்டிட்டாங்க, தரையெல்லாம் சாமை. குழல எடுத்ததுக்குக்கூட எனக்கு வருத்தமில்ல. மூத்திரம் பேயிற பொட்டப் பிள்ளைங்கள எழுப்பி நிக்க வெச்சாங்க பாரு, அதுதான். எழுதிக் கொடுத்ததுல கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. அதுல நான் காட்டுல சந்தேகப்படும்படி நின்னதாவும், போலீசப் பாத்து ஓடுனதாவும் எழுதியிருக்கு. எனக்கு மொழங்கால் வலி. நான் எங்க தம்பி ஓடுறது?"

ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். மாசக்கணக்கில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா கீழே இறங்க வேண்டும். அதிகாலையில் பஸ் பிடித்தால்தான் கோர்ட்டு கூப்பிடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கூப்பிட்டு, இன்னொரு தேதி சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பெரியவர் வீட்டு மிளகு, கொடியில் இருக்கும்போதே வியாபாரியிடம் போய்விட்டது. முன்பணம் வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தார்கள். தண்டனை என்று ஒன்று தீர்ப்பில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கோர்ட்டு வாசலை மிதிக்காதவர்கள்.

தண்டனையும் லேசில்லை. 1959ஆம் வருச ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஒரு வருசத்திலிருந்து மூன்று வருசம் வரை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருசத்திலிருந்து ஐந்து வருசம். தானியங்கித் துப்பாக்கி வைத்திருக்கிற கும்பல்களுக்குக் கடிவாளம் போடப் போகிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்த திருத்தம் அது. சாமைக்காட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தவன் கழுத்திலும் அந்தக் கடிவாளம்தான் விழுந்திருக்கிறது.

3

இந்தக் குழல் எப்போது குற்றமானது? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் மூன்று தேதிகள் வரிசையாக நிற்கின்றன.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறப்பே குற்றம். 1878இல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம். கையிலிருக்கிற ஆயுதம் குற்றம். 1882இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம். காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். பதினோரு வருசத்துக்குள் உடம்பு, கை, கால் மூன்றையும் பிடிக்க மூன்று சட்டம் வந்துவிட்டது.

1878ஆம் வருசச் சட்டத்தில் ஒரு சங்கதி உண்டு. வெள்ளைக்காரனுக்கு லைசென்சு தேவையில்லை. விதிகளிலேயே விலக்கு இருந்தது. பட்டம் பதவி பெற்ற ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் விலக்கு இருந்தது. அந்தக் காலத்துத் தேசியத் தலைவர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்துக் காங்கிரசு மாநாடுகளில் தீர்மானம் போட்டார்கள். எங்கள் ஆண்மையைப் பறித்துவிட்டான் என்று புலம்பினார்கள். சரிதான். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வராத கேள்வி ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் சேரிக்காரன் கையில் வாளைக் கொடுத்து வைத்திருந்தது யார்?

1936இல் அச்சான 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதை நேராகத் தொடுகிறார். இந்தியாவில் கீழே அழுத்தப்பட்டவர்கள் ஏன் பெரும் கலகம் செய்யவில்லை என்று கேட்டு, நால்வருணம் அவர்களுக்கு ஆயுதத்தை மறுத்திருந்தது, ஆயுதம் இல்லாதவன் எப்படி எழுவான் என்று பதில் சொல்கிறார். அதைச் சொன்னவர் மோவ் ராணுவக் குடியிருப்பில் ஒரு சுபேதாரின் பிள்ளையாகப் பிறந்தவர். மகர்களையும் பறையர்களையும் பட்டாளத்தில் சேர்த்து வைத்திருந்த அதே வெள்ளைக்காரன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்றொரு பொய்யைக் கண்டுபிடித்து அவர்களை வெளியே தள்ளினான். மனு சொன்னதை லிட்டன் ஒரு மாதிரிச் சொன்னான், ராணுவத் தலைமையகம் வேறு மாதிரிச் சொன்னது. சொல்லப்பட்டது ஒன்றே.

1947க்குப் பிறகு என்ன ஆயிற்று? 1878 போய் 1959 வந்தது. வெள்ளைக்காரன் இருந்த நாற்காலியில் நம்மூர்ப் பெரிய மனுசன் உட்கார்ந்தான்.

4

இப்போது பழந்துப்பாக்கிகளின் இன்னொரு உலகத்துக்குப் போவோம். அது மலைக்கு மேலே இல்லை.

1980களின் நடுவில் தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை இந்திய அரசு ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதனால் அதற்கு முன்னால் வந்து சேர்ந்த பழைய கைத்துப்பாக்கிகளுக்குத் தங்கத்தின் மவுசு. வெப்லி அண்டு ஸ்காட் என்று பேர் பொறித்த பழைய ரிவால்வர் பல லட்சத்துக்குக் கைமாறுகிறது. எல்லாம் சட்டப்படி. வாங்குகிறவனுக்கு லைசென்சு, விற்கிறவனுக்கு லைசென்சு, நடுவில் இருக்கிற வியாபாரிக்கு லைசென்சு. அந்த ரிவால்வரால் அவன் எந்தப் பயிரையும் காக்கப் போவதில்லை. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவான். தாத்தா காலத்துப் பொருள் என்பான்.

தாத்தா காலத்துப் பொருளுக்குச் சட்டத்தில் தனி மரியாதை உண்டு. 2016ஆம் வருச ஆயுத விதிகளின்படி லைசென்சு வைத்திருப்பவர் இறந்தால் வாரிசு கேட்கலாம். இறக்கக்கூட வேண்டாம். அவருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருசம் வைத்திருந்தாலோ பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். 2019இல் ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கிதான் என்று மசோதா கொண்டுவந்தார்கள். பரம்பரைச் சொத்து, குடும்ப கவுரவம், வீர மரபு என்று பெரிய வீடுகளிலிருந்து குரல் வந்தது. ஒன்று இரண்டாயிற்று. குலச்சொத்து என்ற சொல்லே சட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெரியவருடைய குழலும் குலச்சொத்துதானே? அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று வந்ததுதானே? ஆனால் முதல் அப்பனிடமே லைசென்சு இல்லை. சங்கிலியின் முதல் கண்ணி காகிதத்தில் இல்லாததால் மொத்தச் சங்கிலியும் விலங்காகிவிட்டது. நிலத்திலும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணுக்குப் பட்டா கேட்டால் ஆதாரம் எங்கே என்பான். எழுத்தை எங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவனே எழுத்தில் ஆதாரம் கேட்பான்.

வெளிநாட்டிலும் பாருங்கள். அமெரிக்காவில் 1968ஆம் வருசத்து மத்தியச் சட்டம் 1898க்குள் செய்த துப்பாக்கியைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை. பிரிட்டனில் 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுக்கத் தடை செய்தார்கள். அங்கேயும் அலங்காரத்துக்கு வைத்திருக்கிற பழம் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கு இருக்கிற லண்டனில்தான் 2015 ஏப்ரலில் திப்பு சுல்தானின் ஆயுதங்களை ஏலம் போட்டார்கள். மொத்தம் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. 2019இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்பு காலத்துத் துப்பாக்கி ஒன்று அறுபதாயிரம் பவுண்டுக்கு விலை போனது. அதுவும் வாய்வழி மருந்திடுகிற துப்பாக்கிதான். அதுவும் பரணில்தான் கிடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799இல் கொள்ளையடித்து எடுத்துப்போனது. கொள்ளையடித்தவன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்தால் ஏலம். கொல்லிமலைக்காரன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்தால் எஃப்.ஐ.ஆர்.

நம் ஆயுதச் சட்டத்தில் 45ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, பழுதான ஆயுதம், ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாது என்றால் சட்டம் பொருந்தாது. அதாவது செத்த துப்பாக்கிக்கு மன்னிப்பு. ஜமீன் வீட்டுச் சுவரில் தொங்குவது செத்ததா உயிரோடிருக்கிறதா என்று ராத்திரியில் போய் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. மலைவீட்டில் துருப்பிடித்த குழாய் கிடந்தாலும் அது கோர்ட்டுக்கு வந்து, நிபுணர் அறிக்கை வந்து, சுடாது என்று தெரிவதற்குள் ஆள் ரிமாண்டு முடிந்து வந்துவிடுவான்.

5

'எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே' என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்.

கர்நாடகத்துக் குடகில் குடவர் இனத்தைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 2019இல் மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. அது செல்லும் என்று 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கியைக் கும்பிடுவது அவர்களுடைய பண்டிகை, அது அவர்கள் பண்பாடு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

குடவர்கள் மேல் எனக்குக் காய்ச்சல் இல்லை. அவர்கள் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். ஆனால் அதே குடகில் காபித் தோட்டங்களில் தலைமுறையாகக் கூலிக்கு உழைக்கிற எரவர்களுக்கும் குறும்பர்களுக்கும் இனத்தின் பேரால் அந்த விலக்கு இல்லை. காட்டில் அவர்களைவிட யார் மூத்தவர்? நிலம் இருக்கிறவனுடைய துப்பாக்கி பண்பாடு. நிலத்தில் வேலை செய்கிறவனுடைய துப்பாக்கி களவு. இதைத்தான் நான் சாதிக்கணக்கு என்கிறேன்.

6

இன்னொரு செய்தி சொன்னால் பல வக்கீல்களே ஆச்சரியப்படுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடுகிற துப்பாக்கி கேட்டால் லைசென்சு அதிகாரி கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இஷ்டமிருந்தால் கொடுக்கலாம் என்று இல்லை. கொடுக்க வேண்டும். மறுப்பதற்கான காரணங்களை 14ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. அங்கேயே இன்னொன்றும் சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்சை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 18ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

ஆக, சாமைக்காட்டுக்காரனின் குழலுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வழியை மறைத்துவிட்டுக் கள்ளன் என்கிறார்கள். நான் நாலு பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் வாங்கவே மாட்டேன் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தர மாட்டேன் என்றார்கள். 'மலைக்காரனுக்குத் துப்பாக்கியா, ஏன் சார் வம்பு' என்று ஒரு குமாஸ்தா உண்மையான அக்கறையோடு எனக்குப் புத்தி சொன்னார். சட்டத்தைச் சொன்னேன். 'அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கும்' என்றார். இருக்கும்தான். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று என்று 2016 விதிகள் கேட்பதெல்லாம் கீழே, நகரத்தில். கூலிநாளை விட்டுவிட்டு எத்தனை தடவை இறங்குவான்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருச விதிகளில் 3ஆம் விதியையும் நம் ஆட்களே படிப்பதில்லை. வன்கொடுமை நடக்கும் பகுதி என்று அடையாளம் கண்ட இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத லைசென்சைப் பரிசீலித்து ரத்து செய்ய வேண்டும், தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத லைசென்சு கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு எழுதிய விதி அது. எந்த மாவட்டத்தில் எத்தனை ஆதிக்கச்சாதி லைசென்சை ரத்து செய்தார்கள்? 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குள் துப்பாக்கிகளோடுதான் வந்தார்கள். சுட்டு விரட்டப்பட்டவர்கள்தான் அந்தக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். 44 பேர் எரிந்தார்கள். நிலவுடைமைக்காரன் கையிலிருந்த துப்பாக்கி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

7

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

சூழலியல் நண்பர்கள் கேட்பது: காட்டுயிர்கள் என்ன ஆகும்? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. இந்த நாட்டுப் புலிகளை யார் தீர்த்தது? சுர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேல் புலிகளைச் சுட்டார். அவர்கள் கூடத்துச் சுவர்களில் பாடம் பண்ணிய தலைகள் இன்றும் தொங்குகின்றன. 2006ஆம் வருச வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபுரிமைகளை அங்கீகரிக்கும்போதே வேட்டை உரிமையை மட்டும் வெளியே எடுத்துவிட்டது. அதைக்கூட நான் இங்கே கேட்கவில்லை. பயிரைக் காப்பதைத்தான் கேட்கிறேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. இடையில் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கிற மலைக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது? பன்றியின் முதல் பந்தியே அவன் காடுதான். கேரளத்தில் உள்ளாட்சித் தலைவரே லைசென்சு உள்ளவர்களை வைத்துப் பன்றியைச் சுட உத்தரவிடலாம் என்று 2022இல் ஏற்பாடு செய்தார்கள். இங்கே ஊராட்சி மன்றத்துக்கு அந்த அதிகாரம் எட்டாக்கனி.

குழலைப் பிடுங்கிய இடத்தில் என்ன வருகிறது என்பதையும் பாருங்கள். திருட்டு மின்வேலி வருகிறது. பழத்துக்குள் வெடிவைக்கிற அவுட்டுக்காய் வருகிறது. குழல் பிடித்தவன் இருட்டில் எது பன்றி, எது பசு, எது மனுசன் என்று ஒரு தடவையாவது பார்ப்பான். மின்கம்பி பார்க்காது.

இரண்டாவது மறுப்பு பெண்களிடமிருந்து வந்தது. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓர் அக்கா முகத்துக்கு நேரே கேட்டார்: "நீங்க பாட்டுக்கு உரிமைன்னு எழுதுறீங்க தம்பி. அவரு குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு அது வீட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வருமா?" நியாயம். குடிபோதையில், பங்காளிச் சண்டையில், வேட்டையில் தவறிப்போய் நாட்டுத் துப்பாக்கியால் செத்தவர்கள் உண்டு. அந்த அக்காவுக்குப் பதில் என்ன? குழல் வீட்டில் இருக்க வேண்டாம். ஊர்ப் பொதுவில், ஊராட்சிக் கட்டடத்தில் பூட்டி வைக்கலாம். பரணுக்குப் போகிறவன் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். சாவி பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். இதைச் செய்ய லைசென்சு வேண்டும். ஒளித்து வைக்கிற வரைக்கும் அது வீட்டுக்குள்தான், பரண்மேல்தான், மருந்தோடுதான் இருக்கும். அந்த அக்காவைக் காப்பாற்றாத சட்டம் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு என் சொந்த ஆட்களிடமிருந்து. மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்கிறார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்று கதை சொல்கிறார்கள், நம்மைத் திண்ணையில் ஏற்றவே யோசிக்கிறவர்களுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய் என்கிறார்கள். ஆமாம், யோசிக்கிறார்கள். என்னையும் யோசித்தவர்கள்தான். அந்தச் சண்டையை அந்தத் திண்ணையிலேயே நின்று போட்டுக்கொண்டிருக்கிறேன், போடுவேன். அதற்காக ராத்திரியில் ஜீப்பு வந்து அவர்கள் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இன்று அங்கே வருகிற ஜீப்பு நேற்று எங்கள் தெருவுக்கு வந்த ஜீப்புதான்.

8

துப்பாக்கியைத் தேடுவது துப்பாக்கிக்காக மட்டும் இல்லை. அது வீட்டுக்குள் நுழைவதற்கான சாவி.

1992 ஜூன் 20. வாச்சாத்தி. அவர்களும் மலையாளிப் பழங்குடிகள்தான். அன்று தேடியது சந்தனக்கட்டை. தேடல் என்ற பேரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கிணற்றைக்கூடக் கெடுத்தார்கள். 2011இல்தான் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருசம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களிலும் மலையாளிப் பழங்குடிகள் உண்டு. அங்கே சொன்ன காரணம் செம்மரம். ஒரு காலத்தில் சந்தனம், பிறகு செம்மரம், மலைக்கு மலை நாட்டுத் துப்பாக்கி. காரணம் மாறிக்கொண்டே இருக்கும். தேடப்படுகிற வீடு மாறாது.

வடமேற்கு மாவட்டங்களில், மலையோர ஊர்களில் போலீசு அவ்வப்போது அறிவிக்கிறது: துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படையுங்கள், கேசு போட மாட்டோம். பயந்த சனங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். குழல்களை வரிசையாக அடுக்கி அதிகாரிகள் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்படைத்தவனுக்கு என்ன கிடைத்தது? ரசீதா? இழப்பீடா? பயிர் போனால் யார் பொறுப்பு என்று ஒரு வரியா? ஒன்றும் இல்லை. தன் பொருளைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தோம் என்று திரும்பி வருகிறான். பெரிய வீடுகளுக்கு 2019 திருத்தம் மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க ஒரு வருசம் அவகாசம் கொடுத்தது. போலீசு நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடமோ கவுரவமாக ஒப்படைக்கலாம் என்றது. அவர்களுக்கு அவகாசம், எங்களுக்கு அதிரடி.

9

ஆகவே கேட்கிறோம்.

மலைக்கு மேலேயே, செம்மேட்டிலேயே, லைசென்சு முகாம் போடுங்கள். சாதிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் முகாம் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது தெரியாதா? பயிற்சியும் மருத்துவச் சான்றும் அங்கேயே கொடுங்கள். 13ஆம் பிரிவு சொல்கிறபடி பயிர்ப் பாதுகாப்புக் குழலுக்கு லைசென்சு கொடுங்கள். மறுத்தால் 14ஆம் பிரிவு சொல்கிறபடி எழுதிக் கொடுங்கள்.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவர் என்ற முறையில் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. ஓரி சிலைக்கு மாலை போடுகிற நிர்வாகம்தான் அந்த அனுமதியில் கையெழுத்துப் போடுகிறது. பயிர்க்காவல் குழலுக்கு அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்ட கேசுகளை அரசு திரும்பப் பெறட்டும்.

ஒப்படைக்கிறவனுக்கு ரசீது கொடுங்கள், விலை கொடுங்கள். பயிர்ச்சேதத்துக்கு இழப்பீட்டை அறுவடை முடிவதற்குள் கொடுங்கள். ராத்திரியில் வீடு புகுந்து தேடுவதை நிறுத்துங்கள். தேடியே ஆக வேண்டுமென்றால் பகலில், பெண் காவலரோடு, ஊரார் முன்னிலையில் தேடுங்கள்.

பறிமுதல் செய்த குழல்களில் நூறு வருசத்தைத் தாண்டியவை இருக்கும். 1972ஆம் வருசப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருசம் ஆன கைவினைப் பொருள் பழம்பொருள். அவற்றை உருக்கி இரும்புக்குப் போடாதீர்கள். சென்னை அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்தில் வையுங்கள். செய்தவன் ஒரு மலையடிவாரத்துக் கொல்லன், வைத்திருந்தவன் ஒரு மலையாளி, காத்தது சாமை, தினை, மரவள்ளி என்று எழுதி வையுங்கள். எந்தச் சட்டப்படி, எந்த வருசம், யாரிடமிருந்து பிடுங்கினோம் என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

ஓரியைக் கொன்றது காரி. கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் கொடுத்தான். மலை அன்றிலிருந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது. மலைக்காரனைக் கேட்டுக் கைமாறியதாக எந்தப் பாட்டிலும் இல்லை. இனி கேட்க வேண்டும்.